பொருள்முடையும் அருட்பணியும்: சீகன்பால்குவின் தரங்கம்பாடி வாழ்வு (1706–1719)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அச்சு வரலாற்றிலும் அகராதி, இலக்கண வரலாற்றிலும் பார்த்தலோமேயு சீகன்பால்குவின் இடம் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அவருடைய பணிகளுக்குப் பின்புலமாக நின்ற பொருளியல் நெருக்கடி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. போர், கடல் இழப்பு, வணிகக் குழுமத்தின் பகை, தலைமையகத்தின் சிக்கனக் கொள்கை ஆகியவற்றுக்கிடையே ஒரு சிறு திருச்சபை பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எவ்வாறு தன் பணியைத் தொடர்ந்தது என்பதை அவரது வாழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பணமுடைக் காலத்தில் வீண்செலவு எனக் கருதப்பட்ட கல்வி, அச்சு, மொழிப்பயிற்சி ஆகியனவே அத்திருச்சபையை நிலைபெறச் செய்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, ஹாலே, அச்சுக்கூடம், திருச்சபைப் பொருளியல், ஆரோன்.

முன்னுரை

திருவண்ணாமலையை வலம்வருவோர் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலையை அடைகின்றனர். அவ்வூரில் ஆதி அருணாசலேசுவரர் கோயிலோடு மாணிக்கவாசகருக்கெனத் தனிக்கோயிலும் உள்ளது. திருவெம்பாவை பிறந்த இடம் இதுவே என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்டு அரச தண்டனைக்கு ஆளானவர் வாதவூரர் என்று புராணங்கள் கூறுகின்றன. அரசன் தந்த பொருள் எதற்கு உரியது, இறைபணிக்கு எவ்வளவு செலவிடலாம், கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்கள் தமிழ்ச் சமய மரபுக்குப் புதியன அல்ல.

அதே திருவண்ணாமலை நகரில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப்பள்ளி இயங்கி வருகிறது. தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷன் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கொண்ட பணியின் தொடர்ச்சி அது. டென்மார்க்கிற்கும் தமிழகத்திற்கும் இடையிலான சமயத் தொடர்பு அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, 1706இல், தரங்கம்பாடியில் தொடங்கிவிட்டது. அத்தொடக்கத்திலேயே மேற்சொன்ன வினாக்கள் வேறு வடிவில் எழுந்தன. அவற்றை எதிர்கொண்டவர் சீகன்பால்கு.

1. இளமையும் ஹாலே மரபும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அவர், தமக்கையின் அரவணைப்பில் வளர்ந்தார். உடல்நலம் எப்போதும் குன்றியே இருந்தது. கெர்லிட்ஸ், பெர்லின் ஆகிய இடங்களில் பயின்றபின் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்கச் சென்றார். நோயின் காரணமாக அக்கல்வி முழுமை பெறவில்லை.

ஹாலேயில் அவர் பெற்ற தாக்கம் நூற்கல்வியினும் பெரிது. அங்கு ஆகஸ்டு ஹெர்மன் ஃபிராங்கே 1695இல் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த 4 தாலர் 16 குரோஷன் என்னும் சிறுதொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் அனாதை இல்லம், பள்ளிகள், மருந்தகம், புத்தகக் கடை, அச்சகம் எனப் பெருகியது. மருந்தும் நூலும் விற்ற வருவாயும் பல ஊர்களிலிருந்து வந்த நன்கொடையும் அவ்வில்லத்தைத் தாங்கின. கையிருப்பு நிறைந்தபின் பணியைத் தொடங்குவது ஹாலேயின் வழக்கமன்று. பணியைத் தொடங்கி, அதை எழுத்தின்வழி உலகறியச் செய்து, உதவியை எதிர்நோக்குவதே அதன் வழக்கம். இம்மனப்பான்மையைச் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கும் எடுத்துச்சென்றார் என்பதை அவரது பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன.

2. தரங்கம்பாடியில் முதல் முயற்சிகள்

தரங்கம்பாடி 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் வசமாயிற்று. அங்கிருந்த டேன்ஸ்போர்க் கோட்டையும் துறையும் வணிகத்திற்கென ஏற்பட்டவை. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் தம் ஆளுகைக்குட்பட்ட தமிழ் மக்களிடையே சமயப்பணியாற்றச் சிலரை அனுப்ப விரும்பினார். டேனியருள் தக்கவர் கிடைக்காத நிலையில் செருமானியராகிய சீகன்பால்குவும் ஹைன்ரிக் புளுட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் 1705 நவம்பரில் கோபனேகனிலிருந்து புறப்பட்டு, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

மன்னரின் ஆணையோடு வந்தவர்களை வணிகக் குழுமத்தின் ஆளுநர் ஹாசியஸ் வரவேற்கவில்லை. குழுமத்தின் நோக்கம் இலாபம். உள்ளூர் மக்களின் சமயத்தில் தலையிடுவது வணிகத்திற்கு ஊறு விளைக்கும் என்பது அதன் அச்சம். அருட்பணியாளர்களின் ஊதியம் அரசரிடமிருந்து வந்தாலும், அது கப்பலேறி வந்து சேரும் வழி குழுமத்தின் கையில் இருந்தது. பணி தொடங்கிய நாள் முதலே பொருள் ஓரிடத்திலும் அதை அடையும் வாயில் வேறிடத்திலும் இருந்தன. பின்வந்த நெருக்கடிகள் பலவற்றுக்கும் இந்நிலையே வேராயிற்று.

இந்நிலையிலும் சீகன்பால்கு தம் முதல் செலவைக் கட்டடத்திற்காகச் செய்யவில்லை, மொழிக்காகச் செய்தார். தமிழாசிரியர் ஒருவரின் திண்ணைப்பள்ளியைத் தம் இல்லத்திற்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். எழுத்தர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தி ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கச் செய்தார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு விளக்க அட்டவணை ஒன்றை எழுதினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய அறநூல்களைச் செருமன் மொழியில் பெயர்த்தார். தமிழ்நூல் அட்டவணை வரலாற்றில் இம்முயற்சி முன்னோடி எனத் தக்கது.

1707 மே மாதத்தில் முதல் திருமுழுக்கு நிகழ்ந்தது. அதைப் பெற்ற ஐவரும் டேனியர் இல்லங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களிடம் காணிக்கை எதிர்பார்க்க இயலாது. அவ்வாண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அதன் செலவில் பெரும்பங்கை இருவரும் தம் ஊதியத்திலிருந்தே ஈந்தனர். பள்ளிகளும் அவ்வாண்டிலேயே தொடங்கின. பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி அமைந்தது. மாணவர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் தர வேண்டியிருந்ததால், திருச்சபை வளர வளரச் செலவே வளர்ந்தது. உள்ளூர் வருவாய் வளரவில்லை.

3. சிறையும் கடலிழப்பும்

1708ஆம் ஆண்டு நெருக்கடியின் உச்சம். ஐரோப்பாவிலிருந்து அவர்களுக்கென அனுப்பப்பட்ட பணம் தரங்கம்பாடியின் கரையருகே வந்தும் கடலில் மூழ்கியது. கையிருப்பு கரைந்திருந்த வேளையில் நேர்ந்த இவ்விழப்பு பணியை முடக்கும் அளவிற்குக் கடுமையானது.

ஆளுநருடனான பகையும் அதே ஆண்டில் முற்றியது. நாவிதர் ஒருவரின் விதவைக்கும் குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே, இறந்த கணவரின் கடன் குறித்த வழக்கு எழுந்தது. சீகன்பால்கு அவ்விதவையின் பக்கம் நின்று ஆளுநரிடம் முறையிட்டார். இதையடுத்து எழுந்த பூசலில் அவர் 1708 நவம்பரில் டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். நான்கு மாதங்களுக்குப் பின்னரே விடுவிக்கப்பட்டார். தம் பணிக்கே பொருளில்லாத வேளையில் பிறர் கடனுக்காக வழக்காடிச் சிறைசென்றமை கருதத்தக்கது. வறியோர் சார்பில் நிற்பதை வசதி வந்தபின் செய்யலாம் என அவர் ஒத்திவைக்கவில்லை.

1709இல் குருண்ட்லர் உள்ளிட்ட புதிய பணியாளர்கள் பணத்தோடும் மன்னரின் ஆதரவுக் கடிதத்தோடும் வந்து சேர்ந்தனர். பணி மீண்டும் உயிர்பெற்றது. ஆயினும் ஒரே கப்பல், ஒரே வழி, ஒரே புரவலர் என்னும் நிலை நீடித்தால் மீண்டும் அதே இடர் நேரும் என்பதை 1708ஆம் ஆண்டு உணர்த்திவிட்டது.

4. மூன்று ஊற்றுகள்

அடுத்த ஐந்தாண்டுகளில் தரங்கம்பாடிப் பணிக்கு மூன்று திசைகளிலிருந்து உதவி வந்தது.

முதலாவது கோபனேகன். நான்காம் ஃபிரெடெரிக் அஞ்சல் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 2000 தாலர் இப்பணிக்கு ஒதுக்கினார். டென்மார்க் அப்போது சுவீடனுக்கு எதிரான பெரும் வடபுலப் போரில் ஈடுபட்டிருந்தது. 1700இல் தொடங்கிய அப்போர் 1721 வரை நீண்டது. 1711இல் கொள்ளைநோய் கோபனேகன் மக்களைப் பெருமளவில் பலிகொண்டது. இவ்விரு இடர்களுக்கிடையே அவ்வொதுக்கீடு நிலைத்தமை பெரிது. எனினும், அரசின் கொடை அரசின் நிலையைச் சார்ந்தே இருந்தது.

இரண்டாவது ஹாலே. சீகன்பால்குவும் உடன்பணியாளரும் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் ஃபிராங்கே 1710 முதல் ஹாலே அறிக்கைகள் என்னும் தொடராக அச்சிட்டு வெளியிட்டார். தமிழகத்தின் மக்கள், சமயம், பள்ளிகள் பற்றிய செய்திகள் செருமானிய இல்லங்களில் படிக்கப்பட்டன. படித்தவர்களிடமிருந்து சிறுசிறு நன்கொடைகள் வந்தன. கடிதம் எழுதுதல் இவ்வகையில் பொருளீட்டும் வழியாகவும் அமைந்தது. தமிழியலுக்கு இன்று ஆவணமாக விளங்கும் பல செய்திகள் நன்கொடையாளருக்குப் பணியின் நிலையை உணர்த்துவதற்காக எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டிய ஒன்று. அவற்றின் தெரிவிலும் அழுத்தத்திலும் அந்நோக்கத்தின் சாயல் படிந்திருக்கும்.

மூன்றாவது இலண்டன். அங்கு அரண்மனைக் குருவாக இருந்த செருமானியர் அன்டன் வில்ஹெல்ம் போம் என்பவர், சீகன்பால்குவின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1709இல் வெளியிட்டார். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் லுத்தரன் பணிக்கு உதவ முன்வந்தது. சபைப் பிரிவுகள் கடுமையாகப் பாராட்டப்பட்ட அக்காலத்தில் இது எளிதாக நிகழக்கூடியதன்று. கழகம் பணத்தோடு நில்லாமல் அச்சுப்பொறியும் தாளும் நூல்களும் அனுப்பியது. அவற்றை ஏற்றிவந்த கப்பல் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீட்கப்பட்டது. உடன்வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். அச்சுப்பொறி மட்டும் 1712இல் தரங்கம்பாடியை அடைந்தது.

இம்மூன்று ஊற்றுகளும் ஒரே வேளையில் வற்றவில்லை. ஒன்று தளர்ந்தபோது மற்றொன்று தாங்கியது. சீகன்பால்கு இதை முன்கூட்டியே வகுத்த திட்டமாகச் செய்தார் என்பதைவிட, நெருக்கடி அவரை இவ்வழியில் செலுத்தியது என்பதே பொருந்தும்.

5. ஈயமும் காகிதமும்

1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான காலம் முதல் தமிழ் அச்சு பல இடங்களில் தோன்றித் தொடர்ச்சியின்றி மறைந்தது. தரங்கம்பாடியில் அது தொடர்ந்து நிலைபெற்றமைக்குப் பொருள் மேலாண்மையும் ஒரு காரணம்.

தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வெட்டி வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை அளவில் பெரியன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் தாள் பெருமளவில் செலவாகும். தாளோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். சிறிய எழுத்துகளை வார்ப்பதே வழி. அதற்கு வேண்டிய உலோகமும் கையில் இல்லை. இலண்டன் கழகம் அனுப்பிய பாலாடைக்கட்டிகளைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகள் உருக்கப்பட்டன. ஹாலேயிலிருந்து வந்த அச்சரான ஆட்லர், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பொறையாறில் அவ்வீயத்தைக் கொண்டு சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார். சீகன்பால்கு 1708இல் தொடங்கி 1711இல் முடித்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முதற்பகுதி, நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளுமாக 1714இல் வெளிவந்தது. எஞ்சிய பகுதி 1715இல் அச்சேறி முடிந்தது.

எழுத்து வார்ப்புக்குப்பின் தாளுக்கும் மைக்கும் உள்ளூரிலேயே வழி தேடப்பட்டது. பொறையாறில் காகித ஆலை நிறுவப்பட்டது, மை தயாரிக்கப்பட்டது. கப்பலை நம்பியிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக உள்ளூருக்கு மாற்றும் போக்கு இங்குத் தெளிவாகத் தெரிகிறது. தமிழ் எழுத்தின் உருவளவு சுருங்கியமைக்குத் தாள் பற்றாக்குறை காரணமாயிற்று என்பதும் எழுத்துரு வரலாற்றில் குறிக்கத்தக்கது.

6. ஐரோப்பியப் பயணம்

பணியின் நிலையை நேரில் எடுத்துரைக்க 1714 இறுதியில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன்சென்றார். கப்பலிலேயே எழுதப்பெற்ற தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் 1716இல் ஹாலேயில் அச்சாகியது. போர்முனையில், ஸ்ட்ரால்சுண்டு முற்றுகையில் இருந்த டேனிய மன்னரைச் சீகன்பால்கு சந்தித்தார். போர்ச்செலவில் ஆழ்ந்திருந்த அரசரிடம் கீழைநாட்டுச் சிறு திருச்சபைக்காகப் பேச வேண்டியிருந்தமை அன்றைய பொருள்நிலையை விளக்குகிறது. இலண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரையும் பேராயரையும் கண்டார். மரியா டோரோத்தேயாவை மணந்து, 1716இல் தமிழகம் திரும்பினார்.

திரும்பியதும் உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். இலண்டன் கழகத்தின் துணையுடன் சென்னையிலும் கடலூரிலும் அறப்பள்ளிகள் திறக்கப்பட்டன. 1717இல் புதிய எருசலேம் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபர் 11ஆம் நாள் ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது.

7. கோபனேகனுடன் முரண்பாடு

1714 இறுதியில் கோபனேகனில் அருட்பணிக் கல்லூரி என்னும் நிருவாக அவை ஏற்பட்டது. அதன் செயலர் கிறிஸ்டியன் வெண்ட். அருட்பணியாளர்கள் திருத்தூதர்களைப் போல ஊர்ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தால் போதும் என்பது அவர் கொள்கை. ஆலயமும் பள்ளியும் வீடும் கட்டுவதும், பிள்ளைகளுக்கு உணவளித்துப் பயிற்றுவதும் பணியின் மையத்திலிருந்து விலகிய செலவுகள் என அவர் கருதினார். மனம்மாறியோர் தாமே தம் சபையைத் தாங்க வேண்டும் என்றும் எண்ணினார். அனுப்பப்படும் பணம் குறைந்தது. வந்தாலும் காலந்தாழ்ந்து வந்தது.

வெண்டின் கருத்தை வெறும் பகைமையாகக் கொள்வது நேர்மையாகாது. நீண்ட போரால் நலிந்த நாட்டின் கருவூலத்தைச் சார்ந்து ஒரு திருச்சபை என்றும் வாழ முடியாது என்னும் அவரது அச்சத்தில் உண்மை உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் உணவுண்ணும் சபை தன்காலில் நிற்கக் கற்காது என்னும் வாதம் பிற்காலத்திலும் பன்முறை எழுந்தது. அவரது பிழை வேறிடத்தில் இருந்தது. தரங்கம்பாடியின் சபையார் பெரும்பாலும் அடிமைகளும் வறியோரும். அவர்கள் தம் சபையைத் தாங்கும் நாள் வருவதற்குப் பள்ளியே வழி. வெண்ட் எதிர்பார்த்த தற்சார்பு எந்தக் கல்வியிலிருந்து முளைக்க வேண்டுமோ, அந்தக் கல்வியையே அவர் வீண்செலவாகக் கண்டார்.

தமிழ்ப்பணி குறித்தும் இத்தகைய தடை ஹாலேயிலிருந்தே எழுந்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விளக்கிச் சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஃபிராங்கே வெளியிடவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதைப் பற்றிய செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் வில்ஹெல்ம் ஜெர்மானால் அச்சேற்றப்பட்டது. பணத்தை அளித்தவர்களே எது பணி, எது பணியன்று என்பதையும் வரையறுத்தனர். களத்தில் இருந்தவரின் அறிவு அவ்வரையறையில் இடம்பெறவில்லை.

வெண்டின் கடுமையான குற்றச்சாட்டுகள் அடங்கிய கடிதம், நோயால் நலிந்திருந்த சீகன்பால்குவை ஆழமாகப் புண்படுத்தியது என வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அவர் 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் மறைந்தார். நான்கு மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட அதே ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பொறுப்பை ஏற்ற குருண்ட்லரும் 1720 மார்ச்சில் இறந்தார்.

8. மறைவுக்குப்பின்

இரு தூண்களும் ஓராண்டு இடைவெளியில் சாய்ந்தபின் பணி அழிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை சீகன்பால்கு செய்து வைத்திருந்த மொழிபெயர்ப்பைப் பெஞ்சமின் சூல்ட்ஸே தொடர்ந்து நிறைவு செய்தார். அச்சுக்கூடம் நின்றுவிடவில்லை. பள்ளிகளிலும் பயிற்சிக்கூடத்திலும் பயின்ற தமிழ் உபதேசியார்கள் சபைகளைக் காத்தனர்.

இதற்குச் சிறந்த சான்று ஆரோன். கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம், சீகன்பால்கு வாழ்ந்த காலத்திலேயே, 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியாவின் புராட்டஸ்டண்டு சபைகளில் முதல் இந்தியக் குரு அவரே. வெண்ட் விரும்பிய தற்சார்பின் முதல் அடி இது. அந்த அடிக்கு நிலமாக அமைந்தவை, அவர் வேண்டாமென்ற பள்ளியும் பயிற்சியும். சீகன்பால்கு மறைந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப்போரின் பின்விளைவாகச் செருமானியப் பணியாளரின் துணை அற்றுப்போன சூழலில், 1919 சனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி உடையதாக உருவாயிற்று.

முடிவுரை

சீகன்பால்குவின் வாழ்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, தரங்கம்பாடிப் பணி ஒரே புரவலரைச் சார்ந்திருந்தபோது 1708இல் நிலைகுலைந்தது. பல ஊற்றுகளைப் பெற்றபின் போர்க்காலத்தையும் கடந்தது. இரண்டு, கடல்வழி வரும் பொருள்களுக்கு மாற்றாக எழுத்து, தாள், மை ஆகியவற்றை உள்ளூரில் ஆக்கிக்கொண்டமை செலவைக் குறைத்ததோடு தமிழ் அச்சையும் வேரூன்றச் செய்தது. மூன்று, பணமுடைக் காலச் சிக்கனம் எதை வெட்டுகிறது என்பது எவ்வளவு வெட்டுகிறது என்பதைவிட முதன்மையானது. கோபனேகன் வெட்ட விரும்பிய கல்வியும் மொழியறிவுமே எஞ்சி நின்றன.

அதே வேளையில், கொடையாளரின் நாட்டுக்கும் களத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சீகன்பால்குவால் கடக்க இயலவில்லை. அவ்விடைவெளியின் சுமையை அவர் உடலே தாங்கியது. வாதவூரரைத் தண்டித்த பாண்டியனுக்குப் புராணத்தில் உண்மை உணரும் வாய்ப்புக் கிடைத்தது. கோபனேகன் அவைக்கு அது சீகன்பால்குவின் வாழ்நாளில் கிட்டவில்லை. ஓலையிலும் ஈயத்திலும் அவர் விட்டுச்சென்றவையும், அவர் காலத்துப் பள்ளிகளிலிருந்து எழுந்த தமிழ்க் குருமார்களும் பின்னாளில் அந்தக் கணக்கைத் தீர்த்தனர். திருச்சபைப் பொருளியல் என்னும் நோக்கில் தரங்கம்பாடி ஆவணங்களை மீண்டும் படிப்பது, தமிழ் அச்சு, கல்வி வரலாறுகளுக்கும் புதிய தெளிவைத் தரும்.